இருபத்து நான்கு புள்ளி

ஜூன் 3, திங்கள்

முதலில் கையெழுத்துக்கு மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். வரி ஒரு பக்கம் ஏறுகிறது, ஒரு பக்கம் இறங்குகிறது. ‘ண’ போட்டால் சுழி ஒன்று அதிகமாக விழுந்துவிடுகிறது. நாற்பத்தோரு வருடம் மில்லிங் மெசின் கைப்பிடியைச் சுற்றிய கை இது. இரும்பில் ஒரு மயிரிழை சீவச் சொன்னால் சீவும். பென்சிலைக் கொடுத்தால் நடுங்குகிறது. இதுவரை எழுதியதற்கு முக்கால் மணி நேரம் ஆயிற்று.

என் பெயர் சென்னியப்பன். வயது எழுபத்திரண்டு. பெயரை நானே எழுதினேன். இத்தனை காலம் எழுதியதில்லை, வரைந்தேன். கையெழுத்துக் கேட்கிற இடத்தில் படம் போடுவது போலப் போட்டுவிடுவேன். எந்த வளைவு எந்த எழுத்து என்று தெரியாது. இப்போது தெரிகிறது. ‘ன்’ கடைசியில் நிற்கிறது, தலையில் பொட்டு வைத்துக்கொண்டு. பார்த்துக்கொண்டே இருக்கலாம் போலிருக்கிறது.

நோட்டு ஸ்டெல்லா டீச்சர் கொடுத்தது. இரண்டு பஸ் ஸ்டாப் தள்ளி ஒரு பள்ளிக்கூடத்தில் சாயங்காலம் எங்களைப் போன்றவர்களுக்கு வகுப்பு எடுக்கிறார். “தெனமும் நாலு வரி எழுதுங்கய்யா. நான் படிக்க மாட்டேன். பக்கத்த மட்டும் எண்ணுவேன்” என்றார். படிக்க மாட்டார் என்பதால்தான் எழுதுகிறேன். வீட்டில் வாக்கிங் போவதாகச் சொல்லியிருக்கிறேன்.

ஜூன் 5, புதன்

மாப்பிள்ளையைப் பற்றி எழுதுகிறேன். எழுத நிறைய இருக்கிறது.

பெயர் லோகநாதன். என் மகள் சுகந்தியின் புருஷன். கம்பெனியில் டிராயிங் போட்டுக்கொண்டிருந்தவர், போன தீபாவளிக்கு வேலையை விட்டுவிட்டு, என் வீட்டுப் பின்பக்க ஷெட்டில் சி.என்.சி. மில்லிங் மெசின் கட்டுகிறார். போனில் வெள்ளைக்காரன் வீடியோ ஓடுகிறது. அவன் ஒரு போல்ட்டை முடுக்குகிறான். இவர் நிறுத்திவிட்டு ஒரு போல்ட்டை முடுக்குகிறார். கணினியில் எழுதிக் கொடுத்தால் மெசின் தானே ஓடி இரும்பைச் சீவுமாம். சீவட்டும்.

அடிப்பாகம் வார்ப்பிரும்பு இல்லை. கருங்கல் சிப்பியையும் ஏதோ பசையையும் குழைத்து, பலகை அடைத்து, அதற்குள் கொட்டினார். நான் பார்த்த மெசின் எல்லாம் ஃபவுண்டரியில் பிறந்தவை. இது சமாதி மேடை போலப் பிறந்தது. அதன்மேல் ஒரு கம்பம் நிற்கிறது, அதையும் பசை போட்டுத்தான் ஒட்டினார். கம்பத்தில் இரண்டு ரெயில். ரெயிலில் தலை ஏறி இறங்கும். தலையில் கட்டர் சுற்றும். இவ்வளவுதான் மெசின். இதற்கு ஏழு மாதம்.

காலையில் எட்டிப் பார்த்தேன். ஸ்பேனரைக் கரண்டி பிடிக்கிற மாதிரிப் பிடித்திருந்தார்.

“என்னுங் மாப்ள, சாம்பாருங்களா ரசமுங்களா?” என்றேன்.

“மோட்டார் மவுண்டுங் மாமா” என்றார்.

கிண்டல்கூடப் புரியவில்லை.

ஜூன் 8, சனி

சோறு தின்னும்போது மாப்பிள்ளை தேதி சொன்னார். ஜூலை பதினைந்தாம் தேதி ஒரு பம்ப் கம்பெனியிலிருந்து நாச்சிமுத்து என்பவர் வந்து மெசினைப் பார்ப்பார். ஒரு பிராக்கெட்டில் ஓட்டை போட்டுக் காட்ட வேண்டும். ஆழம் நூறு மில்லி. மேலே ஆரம்பித்துக் கீழே போவதற்குள் ஓட்டை இரண்டு பாயிண்டுக்கு மேல் சாயக்கூடாது. பாயிண்ட் என்பது எங்கள் பட்டறைக் கணக்கு. ஒரு மில்லியை நூறாகப் பிரித்தால் அதில் ஒன்று.

தேறினால் அந்தக் கம்பெனி மாதாமாதம் வேலை கொடுக்கும். தேறாவிட்டால் மஸ்கட். அங்கே ஒரு வேலை தயாராக இருக்கிறது, ஆகஸ்டு ஒன்றாம் தேதி போய்ச் சேர வேண்டும். சுகந்தியும் போவாள்.

“பக்கத்து வீட்டு அக்காகிட்ட உங்க சாப்பாட்டுக்குச் சொல்லிர்றனுங்ப்பா” என்றாள் சுகந்தி.

“போறவிய போங்க. ஷெட்டாவது காலியாகும்” என்றேன்.

காலியானால் என்ன வைப்பது என்று யோசித்துப் பார்த்தேன். சைக்கிள் வைக்கலாம். என்னிடம் சைக்கிள் ஒன்றுதான் இருக்கிறது.

ஜூன் 11, செவ்வாய்

இன்று திரும்பவும் புள்ளி பாடம். க என்று ஓர் எழுத்து. தலையில் புள்ளி வைத்தால் க். சத்தம் பாதியிலேயே நின்றுவிடுகிறது. மெசினை நிறுத்துகிற பட்டனைப் போல. இத்தனை சிறிய பொருளுக்கு இத்தனை வேலை! வீடு வரும்வரை கடை போர்டுகளில் புள்ளியாகப் பார்த்துக்கொண்டு வந்தேன். ஒரு கடையில் ‘எண்ணெய’ என்று எழுதியிருந்தது. உள்ளே போய், “கடேசில புள்ளி வெக்கலீங்” என்று சொன்னேன். “எத்தன லிட்டர் வேணும் பெரியவரே?” என்கிறான். கடை வைத்திருக்கிறான், புள்ளி வைக்கத் தெரியவில்லை.

டீச்சரிடம் பாயிண்டுக்குத் தமிழ் என்ன என்று கேட்டேன். “அதுவும் புள்ளிதாங்கய்யா. தமிழ்ச் சொல் இருக்கறப்ப தமிழ்லயே எழுதிப் பழகுங்க” என்றார். வைத்துக்கொண்டேன்.

பக்கத்து பெஞ்சு பொன்னாத்தாள். இட்லி மாவு விற்கிறவள். என் நோட்டை எட்டிப் பார்த்து, “ஏனுங்ண்ணா, உங்க ‘ழ’ என்ன, கொக்கியில மாட்டுன கருவாடாட்டம் தொங்குது?” என்றாள். வகுப்பே சிரித்தது. அவள் ‘ழ’ அடைகாக்கிற கோழி போல இருக்கிறது. பெரிய மனுசன் என்பதால் சொல்லவில்லை.

ஜூன் 14, வெள்ளி

மெசின் முதல்முறையாக ஓட்டை போட்டது. சத்தம் வந்தது, சுருள் சுருளாகச் சீவல் வந்தது, மாப்பிள்ளை முகத்தில் ஒரு பெருமையும் வந்தது. பிறகு முள் ஓடுகிற டயலை வைத்து அளந்தார். பெருமை போய்விட்டது. எட்டு பாயிண்ட் சாய்வு. இரண்டு இருக்க வேண்டிய இடத்தில் எட்டு.

சுகந்தி எனக்கும் ஷெட்டுக்கே காபி கொண்டுவந்தாள்.

“கம்பம் சாஞ்சிருக்குதோ என்னமோ” என்றேன், பொதுவாக.

“இல்லீங் மாமா. கம்பம் கரெக்டு. நிறுத்துனப்ப கம்பெனிலருந்து நேர் பாக்கற கல்லு மட்டம் வாங்கியாந்து வெச்சுப் பாத்தேன். சுத்தமா நின்னுச்சு. பசை காயற வரைக்கும் யாரும் தொடல. பேப்பர்கூட எழுதி ஒட்டியிருந்தேன். வேற எங்கியோ தப்புங்.”

நான் காபியைக் குடித்தேன். சர்க்கரை அதிகம்.

கம்பம்தான் சாய்ந்திருக்கிறது. எனக்குத் தெரியும். ஏழு மாதம் பக்கத்திலேயே நிற்கிற இவருக்குத் தெரியவில்லை. இன்ஜினியராம்.

ஜூன் 17, திங்கள்

தலையை ஏற்றி இறக்குகிற திருகு தண்டைக் கழற்றிவிட்டு வேறு மாட்டினார். மூன்று நாள் வேலை. அளந்தார். எட்டு.

ஜூன் 19, புதன்

இரண்டு ரெயிலையும் கழற்றி, துடைத்து, திரும்ப மாட்டினார். எட்டு.

வெள்ளைக்காரனுக்குச் செய்தி அனுப்பிக் கேட்டாராம். தலைக்குக் கீழே தகடு வைக்கச் சொன்னானாம். வைத்தார். ஓட்டை சாய்ந்தது போதாதென்று இப்போது மேல்பரப்பிலும் படி விழுகிறது. கடல் தாண்டி உட்கார்ந்திருப்பவனுக்கு என் ஷெட்டு கம்பத்தைப் பற்றி என்ன தெரியும்? கேட்க வேண்டிய ஆள் நான், நாலடி தூரத்தில் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தேன். கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்பது வேறு விஷயம்.

ஜூன் 20, வியாழன்

சி.என்.சி. என்றால் எனக்கு ஏன் ஆகாது என்று எழுதுகிறேன்.

நான் வேலை பார்த்த பட்டறையில் முதல் சி.என்.சி. வந்தபோது எனக்கு ஐம்பத்தாறு வயது. சீனியர் என்பதால் முதலாளி என்னைத்தான் கூப்பிட்டார். மெசினில் ஒரு திரை இருந்தது. அதில் எழுத்து ஓடியது. “என்னன்னு போட்டிருக்குது, படிங்க சென்னியப்பா” என்றார். “கண்ணாடிய மறந்துட்டு வந்துட்டனுங்” என்றேன். மறுநாளும் கேட்டார். மறுநாளும் மறந்துவிட்டேன். மூன்றாம் நாள் அந்த மெசினை நேற்று வந்தவனிடம் கொடுத்துவிட்டார். நான் அதற்குக் கீழே விழுகிற சீவலை அள்ளிக்கொண்டிருந்தேன், இரண்டு வருடம்.

எனக்கு அப்போது கண்ணாடியே கிடையாது. கண் நன்றாகத் தெரியும்.

சுகந்திக்கு இந்தக் கண்ணாடி விஷயம் தெரியும். பள்ளிக்கூட ரிப்போர்ட்டைச் சின்ன வயதிலிருந்து அவளே படித்துக் காட்டி, கையெழுத்துப் போடுகிற இடத்தையும் அவளே காட்டுவாள். கல்யாணம் ஆன பிறகு மாப்பிள்ளை எதையாவது என்னிடம் நீட்டினால், “அப்பா கண்ணாடிய வெச்ச எடம் தெரியலைங்கறாரு, குடுங்க நான் படிக்கறேன்” என்று குறுக்கே வந்து வாங்கிக்கொள்வாள். மாப்பிள்ளைக்கு இன்று வரை தெரியாது. தினமும் பேப்பரை விரித்து வைத்திருக்கும் மனிதனைச் சந்தேகிக்க அவருக்கு எங்கே புத்தி.

ஜூன் 24, திங்கள்

என் தகரப்பெட்டியில் ஒரு காகிதம் இருக்கிறது. பொங்கலுக்கு முந்தின வாரத்திலிருந்து இருக்கிறது. படிக்க வரட்டும் என்று வைத்திருந்தேன். அச்செழுத்து வேகமாக வருகிறது. கையெழுத்து அப்படி இல்லை. எழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்துகொண்டு நிற்கும். இன்று எல்லோரும் வெளியே போன பிறகு எடுத்தேன்.

முதல் சொல் சீக்கிரம் வந்தது. மா. மா. மாமா.

அங்கேயே கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன். எனக்கு எழுதினது என்று நான் நினைக்கவில்லை. ஏதோ சாமான் பட்டியல் என்று நினைத்திருந்தேன். அப்படி நினைத்தேன் என்றுதான் இத்தனை நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன்.

முழுவதும் படிக்க ஒரு மணி நேரம் ஆனது. இங்கே பார்த்து எழுதுகிறேன்.

‘மாமா, இந்தக் கம்பத்தைத் தொட வேண்டாம். பசை காய ஒரு நாள் ஆகும். உங்கள் சைக்கிள் பின்னால் மாட்டிக்கொண்டது. வேண்டுமென்றால் என்னைக் கூப்பிடுங்கள், எடுத்துத் தருகிறேன். லோகு.’

அன்றைக்கு எனக்கு சைக்கிள் வேண்டியிருந்தது. கம்பம் வழியை மறித்துக்கொண்டு நின்றது. அதில் இந்தக் காகிதம் ஒட்டியிருந்தது. காகிதத்தை எடுத்துச் சட்டை ஜோப்பில் வைத்துக்கொண்டு, தோளைக் கொடுத்துக் கம்பத்தை ஒரு தள்ளு தள்ளினேன். நகர்ந்தது என்று சொல்ல முடியாது. ஒரு மூச்சு விட்டது போல இருந்தது. இரும்போடு இருந்தவனுக்கு அந்த மூச்சு தெரியும். சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டேன். மறுவாரம் வகுப்பில் பெயர் கொடுத்தேன்.

எழுத்து நன்றாகத்தான் எழுதியிருக்கிறார். ‘லோகு’வில் மட்டும் ஒரு கிறுக்கல்.

ஜூன் 25, செவ்வாய்

எழுதவில்லை.

ஜூன் 28, வெள்ளி

சுகந்தி பரணிலிருந்து பெட்டியை இறக்கித் துடைத்து ஹாலில் வைத்திருக்கிறாள். சக்கரம் வைத்த பெட்டி. போகிற வழியில் நிற்கிறது. இரண்டு முறை இடித்துக்கொண்டேன். பூட்டைத் திறந்து மூடிப் பார்த்தேன். மட்டமான பூட்டு. நாலு முறை திறந்தால் போய்விடும். ஏழு முறை திறந்து பார்த்தேன், போகவில்லை.

வகுப்பில் ஊர்ப்பெயர் எழுதச் சொன்னார்கள். எல்லோரும் கோயமுத்தூர் எழுதினார்கள். நான் ஒரு பக்கம் முழுக்க மஸ்கட் எழுதினேன். நாலு எழுத்து, இரண்டு புள்ளி. சுலபமான ஊர்.

மாப்பிள்ளை இன்று எதையும் கழற்றவில்லை. மெசினுக்கு எதிரே ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். அப்படி உட்கார்ந்தால் மெசின் நிமிர்ந்துவிடுமா?

ஜூலை 2, செவ்வாய்

கம்பம் சாய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடலாம். சொன்னால், எப்படித் தெரியும் என்று கேட்பார். தள்ளினேன் என்றால், பேப்பர் ஒட்டியிருந்ததே என்று கேட்பார். அதற்கு மேல் கண்ணாடி உதவாது.

பள்ளிக்கூடத்து வாசலில் ஒரு புது நோட்டீஸ் ஒட்டியிருந்தது. எல்லோரும் படித்ததைப் போல உள்ளே போனோம். பொன்னாத்தாள் மட்டும் நின்றுகொண்டு, போகிற வருகிறவனை எல்லாம் நிறுத்தி, “சாமி, இந்தக் கடேசி வரி எனக்குப் பிடிபடல, என்னன்னு சொல்லிட்டுப் போங்க” என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

“ஏம்மா இப்படி ஊரக் கூட்டிக் கேக்கற? மானமா இல்ல?” என்றேன்.

“தெரியாததத் தெரியாதுன்னா மானம் எங்க போகுது? நேத்து எம்மாவு புளிச்சுப் போச்சு. புளிச்சுப் போச்சுன்னுதான் சொன்னேன். அஞ்சு பேரு வாங்கலை, அவ்வளவுதான். நீங்க சொல்லீருப்பீங்களா?”

“எனக்கென்ன மாவா விக்குது?”

“அதுவும் செரிதான். உங்களுக்கு உள்ளயே புளிக்குமாட்டிருக்குது.”

வாய் என்றால் வாய். புருஷன் சீக்கிரம் போனதில் ஆச்சரியமே இல்லை.

ஜூலை 5, வெள்ளி

மாப்பிள்ளையும் சுகந்தியும் பல்லடத்துக்கு ஒரு கல்யாணத்துக்குப் போனார்கள். போனதும் ஷெட்டைத் திறந்தேன்.

என் தகரப்பெட்டியில் செங்குத்துப் பார்க்கிற ஒரு மூலைமட்டம் இருக்கிறது. வார்ப்பிரும்பு. நானே நாலு மாதம் உரசி உரசி நேர் செய்தது. ரிடையர் ஆனபோது மற்றவர்கள் குத்துவிளக்கு வாங்கிக்கொண்டார்கள். நான் இதை எடுத்துக்கொண்டு வந்தேன். மெசின் மேசையில் அதை நிறுத்தி, தலையில் டயலைக் கட்டி, தலையைக் கையால் மேலிருந்து கீழே இறக்கினேன். முள் ஓடியது. நூறு மில்லிக்கு எட்டு. இருநூறுக்குப் பதினாறு. முந்நூறுக்கு இருபத்து நான்கு. ஒரு பிசிறு கிடையாது, அவ்வளவு ஒழுங்கான சாய்வு. தள்ளினால் அப்படித் தள்ள வேண்டும்.

பசை காய்ந்த கம்பத்தை இனி அசைக்க முடியாது. அசைக்கவும் வேண்டாம். ரெயிலுக்குப் பின்னால் பித்தளைத் தகடு கொடுத்தால் போதும். மேலே இருபத்து நான்கு, நடுவில் பதினாறும் எட்டும், கீழே ஒன்றுமில்லை. கம்பம் சாய்ந்தே நிற்கட்டும், ரெயில் நேராக நிற்கும். ஒரு பகல் வேலை. இதற்கு மூன்று வாரம் திருகு தண்டைக் கழற்றிக்கொண்டிருக்கிறார் ஒரு இன்ஜினியர்.

ஜூலை 6, சனி

வாயால் சொல்ல வராது என்பதால் எழுதுவது என்று முடிவு செய்தேன். அதற்குத்தானே படித்தது.

புதுக் காகிதம் எடுக்கவில்லை. அவர் எழுதிய அதே காகிதத்தைத் திருப்பி, பின்பக்கத்தில் எழுதினேன். பென்சிலை மூன்று முறை சீவினேன். ஐந்து முறை அழித்தேன். டீச்சர் சொன்னபடி தமிழ் இருக்கிற இடத்தில் தமிழே போட்டேன்.

‘மாப்பிள்ளை, பசை காயும் முன் கம்பத்தைத் தள்ளியது நான். ரெயிலுக்குப் பின்னால் மேலே 24 புள்ளி தகடு வைக்கவும். பிறகு 16 புள்ளி. பிறகு 8 புள்ளி. கீழே வேண்டாம். சென்னியப்பன்.’

பிழை இல்லை. இரண்டு முறை பார்த்துவிட்டேன். இதைவிட நன்றாக ஒரு மனிதன் எழுத முடியாது.

ஜூலை 7, ஞாயிறு

காலையில் அவர் பல் துலக்கும்போது போய், கம்பத்தில் பழைய இடத்திலேயே ஒட்டினேன். வாசலில் நாற்காலியில் உட்கார்ந்து பேப்பரை விரித்துக்கொண்டேன். ஒரே தலைப்பை நாலைந்து முறை படித்தேன். இப்போதும் அது நினைவில்லை.

ஷெட்டுக் கதவு திறந்தது. பிறகு காகிதத்தோடு வந்தார். வந்து என்ன கேட்டிருக்க வேண்டும்? ஏன் தள்ளினீர்கள் என்று கேட்டிருக்க வேண்டும். அதற்குப் பதில் யோசித்து வைத்திருந்தேன். அவர் கேட்டது இது:

“மாமா, இருவத்தி நாலு புள்ளி... அப்பறம் என்னுங்?”

“அப்பறம் ஒண்ணுமில்லீங்.”

“புள்ளிக்கு அப்பறம் ஒரு நம்பர் வருமல்லங்? இருவத்தி நாலு புள்ளி அஞ்சா, ஆறா? இருவத்தி நாலு மில்லித் தகட ரெயிலுக்குப் பின்னால வெச்சா ரெயிலு வெளிய வந்து நிக்குமேங்?”

எழுதினதைப் படித்துவிட்டுப் போவார் என்று பார்த்தால், நேரே வந்து நின்றுகொண்டு இப்படிக் கேட்கிறார்.

“பாயிண்டுங் மாப்ள! இருவத்தி நாலு பாயிண்ட்! தமிழ்ல எழுதீருக்குதுங்!”

“பாயிண்ட்டா? அதத் தமிழ்ல ஆருங் எழுதச் சொன்னது?”

“ஸ்டெல்லா டீச்சர்” என்று வாய் தவறி வந்துவிட்டது.

“எந்த டீச்சருங்?”

சுகந்தி உள்ளேயிருந்து கரண்டியோடு ஓடி வந்தாள். “அப்பா கண்ணாடியக் காணம்னு காலைலிருந்து...” என்று ஆரம்பித்தாள். பாவம், பழக்கம்.

“கண்ணாடியெல்லாம் ஒண்ணுமில்ல அம்மிணி, உடு” என்றேன். பிறகு மாப்பிள்ளையைப் பார்க்காமல் பேப்பரைப் பார்த்துச் சொன்னேன். “அன்னிக்கு எனக்குப் படிக்கத் தெரியாதுங். இப்பத் தெரியும்.”

அவர் காகிதத்தைத் திருப்பித் தன் எழுத்தைப் பார்த்தார். திரும்பவும் திருப்பி என் எழுத்தைப் பார்த்தார்.

“இத நீங்க எடுத்து ஜோப்புல வெச்சத அன்னிக்கு ஜன்னல் வழியாப் பாத்தேன் மாமா. படிச்சிட்டீங்க, இனி தொட மாட்டீங்கன்னு நெனச்சுட்டு உள்ள போயிட்டேன். அதனாலதான் கம்பத்த மட்டும் நான் சந்தேகப்படவே இல்ல.”

நான் பேப்பரை நாலாக மடித்தேன்.

“மூணு வாரமா என்னோட கையே செரியில்லன்னு நெனச்சிட்டிருந்தேன்” என்றார். சத்தம் போடவில்லை. போட்டிருக்கலாம். பைக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

சுகந்தி காகிதத்தை எடுத்துப் பார்த்தாள். “இத நீங்களாப்பா எழுதுனீங்க?” என்றாள். பிறகு கரண்டியோடு அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். அடுப்பில் ஏதோ கருகியது. நான்தான் போய் நிறுத்தினேன்.

பகல் சாப்பாட்டுக்கு அவர் வரவில்லை. நான் சாப்பிட்டேன். கொஞ்சமாக. மூன்று மணிக்கு வந்தார். கையில் ஒரு பொட்டலம், பித்தளைத் தகடு.

“தகடு எட்டு பாயிண்ட்லதான் கெடச்சுது. மூணு அடுக்குனா இருவத்தி நாலுங். செரியா மாமா?” என்றார்.

“எண்ணத் தெரியுமாட்டிருக்குது உங்களுக்கு” என்றேன்.

ஜூலை 9, செவ்வாய்

இரண்டு நாளாக ரெயில் வேலை. தகடு வெட்டுகிறேன் என்று கத்தரியால் ஓரத்தைச் சுருட்டிவிட்டார். பிடுங்கி நானே வெட்டினேன். பிசிறை உப்புத்தாளில் தேய்க்கச் சொன்னேன், பாத்திரம் விளக்குவது போலத் தேய்க்கிறார். வெள்ளைக்காரன் சொல்லித் தலைக்குக் கீழே வைத்த தகட்டை எல்லாம் பிடுங்கி எறிந்தேன். “அவருக்கு என்னன்னு பதில் எழுதறது மாமா?” என்றார். “கண்ணாடி போட்டுப் பாக்கச் சொல்லுங்க” என்றேன்.

முதல் அளவு: மூன்று பாயிண்ட். இரண்டாவது போல்ட்டைக் கால் சுற்று தளர்த்தினேன். ஒன்றரை.

“எப்படிங் மாமா அந்த போல்ட்டுன்னு கண்டுபிடிச்சீங்க?”

“அது ஸ்பேனருக்குத் தெரியும், கரண்டிக்குத் தெரியாதுங்” என்றேன்.

இந்த முறை சிரித்தார். ஒரு மாதம் கழித்துப் புரிகிறது.

ஜூலை 15, திங்கள்

நாச்சிமுத்து வந்தார். இன் செய்த சட்டை. மெசினைச் சுற்றி வந்து, “இது மெசினுங்களா, ஆட்டுக்கல்லுங்களா?” என்று கேட்டார். எனக்கு அந்த மனிதனைப் பிடித்துவிட்டது.

மாப்பிள்ளை பட்டனை அழுத்தினார். கணினி சொன்னது, மெசின் கேட்டது. நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். சுகந்தி சமையலறை ஜன்னலில் நின்றாள், கையில் துடைக்கிற பாத்திரம் ஒன்றே ஒன்று, வெகு நேரமாக. நாச்சிமுத்து தன் பையிலிருந்து தன் டயலையே எடுத்து அளந்தார். முள்ளைப் பார்த்தார். பிராக்கெட்டைத் திருப்பி வைத்து இன்னொரு முறை பார்த்தார்.

“ஒண்ணர” என்றார்.

“பாயிண்டுங்களா?” என்று நான் கேட்டேன்.

“பின்ன என்னங், ஒண்ணர கிலோவா?” என்றார். முதலில் ஐம்பது அனுப்புங்கள், சரியாக வந்தால் மாதாமாதம் என்று சொல்லிவிட்டு, காபி குடித்து, சர்க்கரை அதிகம் என்று சொல்லிவிட்டுப் போனார். நல்ல மனிதன்.

மாப்பிள்ளை மஸ்கட்டுக்குப் போன் செய்து வரவில்லை என்று சொன்னார். எட்டு மாதம் அல்லாடியவர் இதைச் சொல்ல ஒரு நிமிஷம்கூட எடுத்துக்கொள்ளவில்லை. இனி ஷெட்டு காலியாகாது. சைக்கிளை மழையில்தான் நிறுத்த வேண்டும்.

ஜூலை 17, புதன்

பெட்டி பரணுக்குப் போய்விட்டது. ஹாலில் நடக்கும்போது இல்லாத பெட்டிக்கு ஒதுங்கி நடந்தேன்.

வகுப்பில் பொன்னாத்தாள், “என்னுங்ண்ணா, ‘ழ’ இன்னிக்கு நிமிந்து நிக்குது?” என்றாள். “தகடு வெச்சிருக்கறேன்” என்றேன். புரியவில்லை அவளுக்கு. புரியாவிட்டால் கேட்பாளே, கேட்டாள். முழுதும் சொல்ல வேண்டியதாயிற்று. பெஞ்சு முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தது.

வீட்டுக்கு வந்து ஷெட்டுக்குப் போனேன். கம்பத்தில் பழைய இடத்தில் ஒரு புதுக் காகிதம். நின்ற இடத்திலேயே படித்தேன், கால் மணி நேரத்தில்.

‘மாமா, ஐம்பது பிராக்கெட்டையும் நீங்கள் அளந்த பிறகுதான் அனுப்ப வேண்டும். ரெயிலையும் தகட்டையும் நீங்களே பார்துக்கொள்ளுங்கள். வேறு யாரும் தொடக்கூடாது. லோகு.’

‘பார்து’ என்று எழுதியிருக்கிறார். இத்தனை வருடம் படித்த ஆள். நடுவில் இருக்க வேண்டிய எழுத்தைக் காணோம். பென்சிலை எடுத்து, இடுக்கில் ஒரு ‘த’ நுழைத்து, தலையில் புள்ளி வைத்தேன். அழுத்தி வைத்தேன்.

இனி அடுத்த வாரம்தான் எழுதுவேன். அதுவரை ஐம்பது ஓட்டை அளக்க வேண்டும், இவரை நம்பி விட முடியாது. பக்கம் ஏன் குறைகிறது என்று டீச்சர் கேட்டால், கண்ணாடியை மறந்துவிட்டேன் என்று சொல்லிக்கொள்கிறேன்.